இணைப்பான் ஒன்று நிறுவிய வரலாறு

நமது கலாசாலையின் ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று வரைந்தனுப்புமாறு மலர்க் குழுவினர் விடுத்த கடிதம் எம் கையை அடைந்து இரண்டு திங்கள் ஆயின. பண்டை இலக்கியம் பற்றியும் நாட்டு வரலாறு பற்றியும் எழுத வல்லார் பலர் இம்மலரிலேயே எழுதுகின்றனர்; அவர்தம் வரிசையிற் புகுந்து நிற்கும் தகுதி எமக்கில்லை. வேதியியற் கூடத்திற் கண்ணாடிக் குழாய்களை உடைத்து அபராதம் செலுத்திய மாணாக்கர் என்றே பழைய ஆசிரியர்கள் எம்மை நினைவு கொண்டிருப்பர். ஆதலின், பிழைப்புக்காக யாம் செய்துவரும் தொழிலில் நேர்ந்த ஒன்றனை, எமது பிழையை மறையாது, உள்ளவாறே எழுதத் துணிந்தோம். கணக்கும் கணிப்பொறியும் பயின்று இவ்வாண்டு வெளியேறும் மாணாக்கருள் பலர் இதே தொழிலுக்கு வரக்கூடும். அவர்கள் எம்மினும் விழிப்பாயிருக்க இது பயன்படின் நன்று. இன்றேல் கதையாகப் படித்து நகுக.

யாம் பணிபுரிவது ஓர் அறநிலைய மருத்துவமனையின் கணக்குப் பிரிவில். அதற்குச் சுற்றுப்புறச் சிற்றூர்களில் 11 கிளை நிலையங்கள் உண்டு. அவற்றுக்கெல்லாம் மருந்து அனுப்பும் கிடங்கு தலைமை இடத்தில் இருக்கிறது. முன்னாட்களில் திங்கட்கிழமைதோறும் கிளைகளிலுள்ள சிஸ்டர்கள் தொலைபேசியில் அழைத்து, இன்ன மருந்து இவ்வளவு எஞ்சியுள்ளது என்று கூறுவர். கிடங்கைக் காக்கும் மூத்த அம்மையார் அதனை ஒரு நீண்ட நோட்டுப் புத்தகத்தில் நீல மையாற் குறித்து, குறைவாயுள்ளவற்றின்கீழ்ச் சிவப்பு மையாற் கோடிடுவார். வியாழக்கிழமை காலை மருந்து வண்டி புறப்படும். அவ்வம்மையாரை யாம் எல்லோரும் அக்கா என்றே அழைப்பது வழக்கம். அவரது நோட்டுப் புத்தகத்தில் தவறு கண்டவர் எவரும் இல்லை.

பின்னர் மருத்துவமனையார் மருந்து இருப்பைக் கணிப்பொறியிற் பதியும் முறை ஒன்றனை ஒரு சிறிய நிறுவனத்தாரிடம் விலைக்கு வாங்கினர். ஒவ்வொரு கிளையிலும் சிஸ்டர்கள் அன்றன்று வழங்கிய மருந்தைப் பதிவர்; அப்பதிவுகள் அந்நிறுவனத்தாரின் இணைய வழங்கியிற் சென்று தங்கும். பதிவு இருந்தது, அதைப் பார்ப்பதற்கு வசதி இல்லை. 11 நிலையங்களின் இருப்பையும் ஒரே திரையிற் காணும்படி செய்துதருக என்று காரியதரிசி எம்மைப் பணித்தார். யாமும் மகிழ்ந்து ஏற்றோம்.

இத்தகைய வேலைக்கென உள்ளவற்றை வணிக நுண்ணறிவு மென்பொருள் என்கின்றனர். அறநிலையத்துக்கு வணிகம் எற்றுக்கு என்று வினவற்க. பெயரிட்டவர் வணிகர், பயன்கொள்வோர் பலர். யாம் பயன்படுத்தியது மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் 2015-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களிற் பொதுவாக வெளியிட்ட பவர் பிஐ என்பது. பல இடங்களிற் சிதறிக் கிடக்கும் எண்களைக் கொணர்ந்து, ஒன்றோடொன்று பொருத்தி, அட்டவணையாகவும் வரைபடமாகவும் காட்டுதல் அதன் தொழில். எண்களோ ஓரிடத்தில் எக்ஸெல் தாள்களாகவும், ஓரிடத்தில் ஆரக்கிள் போன்ற தரவுத்தளங்களாகவும், பிறிதோரிடத்தில் இணையச் சேவைகளாகவும் இருக்கும். ஒவ்வொன்றும் தனக்கெனத் தனிப் பேச்சு உடையது. இடையில் நின்று இருபுறத்து மொழியும் பேசுவதனைக் கனெக்டர் என்பர். இக்கட்டுரையில் யாம் இணைப்பான் என்போம்.

கும்பினியார் காலத்துத் துபாஷிகளை இஃது ஒக்கும். டூப்ளேயின் துபாஷியாயிருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பைப் புரட்டியவர்கள், துபாஷி என்பான் சொல்லை மாற்றிச் சொல்வான் மாத்திரம் அல்லன், இருபுறத்துக் காரியமும் அவன் கைவழியே செல்வது என்பதை அறிவர். இணைப்பானும் அவ்வாறே. எமது கடவுச்சொல்லைப் பெற்றுக்கொண்டு எமது பெயரால் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவது அதுவே. இதனை இப்பொழுது இவ்வளவு தெளிவாக எழுதுகின்றோம். அன்று இது எம் சிந்தையிற் படவில்லை.

பவர் பிஐயுடன் நூற்றுக்கு மேற்பட்ட இணைப்பான்கள் கூடவே வருகின்றன. மருந்து நிறுவனத்தாரின் சேவைக்கு மட்டும் அவற்றுள் ஒன்றும் இல்லை. இவ்வாறு இல்லாத இடத்தில் எவரும் தாமே இணைப்பான் எழுதிச் சேர்க்கலாம். எம் என்னும் ஓரெழுத்துப் பெயருடைய மொழியில் அது எழுதப்படும். எழுதுவதற்கான கருவித் தொகுதியை மைக்ரோசாப்ட் நிறுவனத்தாரே இலவசமாக அளிக்கின்றனர். மருந்து நிறுவனத்தில் இருந்த இளைஞர் ஒருவர் அவ்வாறு ஒன்று எழுதி வைத்திருந்தார். கேட்ட மறுநாளே மின்னஞ்சலில் அனுப்பினார். அக்கோப்பின் பெயர் மெஸ் என்று முடிந்தது. கண்டவுடன் எமக்கு விடுதிச் சாப்பாட்டறையும் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பும் நினைவுக்கு வந்தன. டாப்லோ என்னும் மற்றொரு மென்பொருளில் இத்தகைய கோப்பின் பெயர் டாக்கோ என்று முடியுமாம். அதுவும் மெக்ஸிகோ நாட்டார் உண்ணும் ஒரு பண்டத்தின் பெயரே. இவற்றுக்குப் பெயரிட்டோர் பசித்திருந்தனர் போலும்.

நிறுவும் முறை சொல்லளவில் எளிது. எமது டாக்குமெண்ட்ஸ் என்னும் கோப்புறையுள் பவர் பிஐ டெஸ்க்டாப் என்று ஒரு கோப்புறையும், அதனுள் கஸ்டம் கனெக்டர்ஸ் என்று மற்றொன்றும் இருத்தல் வேண்டும். இல்லையேல் நாமே உண்டாக்க வேண்டும். மெஸ் கோப்பை அதனுள் வைத்து, மென்பொருளை மூடித் திறந்தால், தரவு பெறுக என்னும் பட்டியலிற் புதிய இணைப்பானின் பெயர் தோன்றும். யாம் வைத்தோம், மூடினோம், திறந்தோம், தோன்றவில்லை. பன்முறை செய்தும் அதே கதை. நண்பகல் கடந்த பின்னர், கோப்புறையின் பெயரின் இறுதியில் ஸ் என்னும் எழுத்தை விட்டுவிட்டதைக் கண்டோம். அதைத் திருத்திய பின்னும் தோன்றவில்லை. எமது கணிப்பொறியில் டாக்குமெண்ட்ஸ் இரண்டு இருந்தன: ஒன்று வெறும் பெயரளவில் நின்ற பழையது, மற்றொன்று ஒன்டிரைவ் என்னும் சேமிப்புச் சேவையின்கீழ்க் கொண்டு செல்லப்பட்ட உண்மையானது. யாம் வெறும் வீட்டு வாயிலில் விருந்தாளியை நிறுத்திவிட்டு உள்வீட்டில் இலை போட்டுக் காத்திருந்தோம். இடத்தை மாற்றினோம். அப்பொழுதும் தோன்றவில்லை.

மூன்றாவது தடை தற்செயலானது அன்று, வேண்டுமென்றே வைக்கப்பட்டது. பவர் பிஐயின் விருப்பங்கள் பகுதியில், பாதுகாப்பு என்னும் தலைப்பின்கீழ், இரண்டு வழிகள் காட்டப்படுகின்றன. மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் சான்றளித்தவற்றையும் நம்பிக்கைக்குரியவை எனக் குறிக்கப்பட்டவற்றையும் மட்டும் உள்ளே விடுவது முதல்வழி. அது பரிந்துரைக்கப்படுவது என்று அங்கேயே எழுதியிருக்கிறது. எந்த இணைப்பானையும் சோதனையோ எச்சரிக்கையோ இன்றி உள்ளே விடுவது இரண்டாவது வழி. அது பரிந்துரைக்கப்படாதது என்றும் அங்கேயே எழுதியிருக்கிறது. இதனினும் வெளிப்படையாக ஒரு மென்பொருள் மனிதனுக்கு எடுத்துச் சொல்ல இயலாது. மணி நான்கு. காரியதரிசி இருமுறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சென்றிருந்தார். யாம் இரண்டாவதைத் தெரிந்துகொண்டு, சரி என்பதை அழுத்தினோம். இணைப்பானின் பெயர் பட்டியலில் வந்து நின்றது. அந்த மகிழ்ச்சியில் அன்றிரவு வீட்டாரனைவர்க்கும் இனிப்பு வாங்கிச் சென்றோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புகின்றோம்.

திரை நன்றாக அமைந்தது. 11 கிளைகளும் வரிசையாக நிற்க, இருப்பு போதுமானால் பச்சை, குறைந்தால் சிவப்பு. அதனைப் பவர் பிஐயின் இணையச் சேவையில் ஏற்றி, கிடங்கின் சுவரில் மாட்டிய பெரிய தொலைக்காட்சித் திரையில் முழுத்திரையாக விரித்து வைத்தோம். அடுத்தது நாள்தோறும் புதிய எண்கள் தாமே வந்து சேர்தல். இங்கே மாணாக்கர் ஒன்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். சான்று பெறாத இணைப்பான் எதுவாயினும், எண்கள் இணையத்திலேயே இருந்தாலும், தானே புதுப்பித்தற்குக் கேட்வே என்னும் வாயில் நிரல் ஒன்று நம் பக்கத்துக் கணிப்பொறி ஒன்றில் ஓடியாகவேண்டும். ஏனெனில் மைக்ரோசாப்ட் நிறுவனத்தாரின் வழங்கியில் நமது துபாஷிக்கு இடமில்லை. அவன் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் பேசவேண்டும்.

கேட்வே இருவகை. ஒன்று பலர்க்கும் பொதுவாகத் தனிக் கணிப்பொறியில் அமர்ந்து இயங்குவது. மற்றொன்று தனிமுறை எனப்படுவது, ஒருவர் தம் கணிப்பொறியில் தமக்கென ஓட்டிக்கொள்வது. இரண்டாவது எளிது, எமது கணக்கிலேயே ஓடுவதால் எமது டாக்குமெண்ட்ஸ் கோப்புறையில் உள்ள இணைப்பானை அதுவே கண்டுகொள்ளும். யாம் அதனையே எமது மடிக்கணினியில் அமைத்தோம். முதலில் அது மறுத்தது. காரணம் தேடியபோது, கேட்வேயின் வழியாக இயங்க வேண்டின் டெஸ்ட் கனெக்சன் என்னும் ஒரு சிறு பகுதி இணைப்பானின் உள்ளே எழுதப்பட்டிருத்தல் வேண்டும் என்று அறிந்தோம்; மேசையில் இருக்கும் பவர் பிஐக்கு அது தேவையில்லை. இணைப்பானின் உள்ளே அப்பகுதி உண்டோ என்று பார்க்கத்தான் யாம் அதனைத் திறந்தோம்.

மெஸ் கோப்பு என்பது பெயர் மாறிய ஒரு ஜிப் பொதியே. பெயரின் இறுதியை மாற்றினால் எவரும் திறந்து உள்ளிருப்பதைப் படிக்கலாம். படித்தோம். டெஸ்ட் கனெக்சன் இல்லை. ஆனால் வேறொன்று இருந்தது. அந்நிறுவனத்தாரின் சேவைக்குரிய பொதுத் திறவுகோல் வெட்டவெளியில் எழுதப்பட்டிருந்தது. எமது மருத்துவமனையின் பதிவை மட்டுமன்றி, அவர்களிடம் கணக்கு வைத்துள்ள பிறர் பதிவையும் திறக்கத்தக்கது அது. அந்த இளைஞரை உடனே அழைத்தோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "சார், சோதனைக்காக வைத்தது. எடுக்க மறந்துவிட்டேன். யாருக்கும் சொல்லிவிடாதீர்கள்" என்றார். அன்று மாலைக்குள் திறவுகோலை மாற்றி, டெஸ்ட் கனெக்சன் பகுதியையும் சேர்த்துப் புதிய கோப்பை அனுப்பினார். யாம் அவர்மீது சினங்கொள்ளவில்லை. ஐந்து நாட்கள் அக்கோப்பை எம் கணிப்பொறியில் ஓடவிட்ட பின்னரே திறந்து பார்த்த எமக்குச் சினங்கொள்ள என்ன உரிமை? அந்நிரல் தன் நிறுவனத்து வழங்கியைத் தவிர வேறெங்கும் செல்லவில்லை என்பது எமது நல்லூழ். எமது விழிப்பு அன்று. ஆயினும் அந்த விருப்பத்தை முதல்வழிக்கு மாற்ற அப்பொழுதும் மனம் வரவில்லை. மாற்றினால் எல்லாம் நின்றுபோம்.

நாள்தோறும் காலை 5 மணிக்கு எண்கள் புதுப்பிக்கப்பட்டன. ஒரு திங்கள் பிழையின்றி நடந்தது. இனித் தொலைபேசியில் அழைத்தல் வேண்டா என்று கிளைகளுக்கு எழுதலாமே என்று காரியதரிசிக்குச் சொன்னவர் யாமே. அக்கா அதைக் கேட்டு, நோட்டுப் புத்தகத்தை மூடி மேசை இழுப்பறையில் வைத்தார். "உங்கள் திரை நன்றாகத்தான் இருக்கிறது, தம்பி. ஆனால் அவர்கள் குரலைக் கேட்டால், சொல்லாததும் கொஞ்சம் தெரியும்" என்றார். யாம் புன்னகைத்தோம்.

தங்கையின் திருமணத்துக்காக ஒரு புதன்கிழமை மாலை மடிக்கணினியை மூடிப் பையிலிட்டு ஊருக்குப் புறப்பட்டோம். மறுநாள் வியாழன் முதல் அடுத்த வெள்ளி வரை ஒன்பது நாட்கள் விடுப்பு. தனிமுறைக் கேட்வே என்பது எமது கணிப்பொறி விழித்திருக்கும்வரை மட்டுமே விழித்திருப்பது என்பது எமக்குத் தெரியாதது அன்று. அதுவரை இரவும் பகலும் அம்மடிக்கணினியை எம் மேசையில் இயங்கவே விட்டிருந்தோம். மூடிய அக்கணத்தில் மட்டும் அது நினைவுக்கு வரவில்லை. வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு நான்கு நாட்களும் காலை 5 மணிக்குச் சேவை எம் வாயிலைத் தட்டி, விடை பெறாது திரும்பியது. தொடர்ந்து நான்கு முறை தோற்றால், புதுப்பிக்கும் ஒழுங்கைப் பவர் பிஐ தானே நிறுத்திவிடும். நிறுத்தியது. ஒவ்வொரு தோல்விக்கும் உரியவர்க்கு மின்னஞ்சல் வரும். உரியவர் யாமே, யாமோ பந்தலில் தாம்பூலம் வழங்கிக்கொண்டிருந்தோம்.

கிடங்குச் சுவரில் திரை முன்போலவே ஒளிர்ந்தது. அறிக்கையின் தலைப்பிலே எண்கள் புதுப்பிக்கப்பட்ட தேதி சிறிய எழுத்திற் காணப்படுவதுண்டு. முழுத்திரையாக விரிக்கும்போது அத்தலைப்பு மறைந்துவிடும். அவ்வாறு விரித்தவரும் யாமே. பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் நிறத்திலோ வடிவிலோ வேற்றுமை இல்லை.

மலையடிவாரத்துக் கிளை ஒன்றில், அப்புதன்கிழமை 9 குப்பி இன்சுலின் இருந்தது. 5 குப்பிக்குக் குறைந்தால் சிவப்பு. ஆகையால் அது பச்சையாய் நின்றது. நம் நாட்டிற் பெரிதும் வழங்கும் 10 மில்லிலிட்டர் குப்பியில் 400 அலகு உண்டு. அவ்வாரம் மூவர் புதிதாகச் சேர்ந்தமையால், அடுத்த வியாழன் வண்டி புறப்படும்போது அங்கே எஞ்சியது ஒரே குப்பி. திரையோ 9 என்றது. வண்டியில் இன்சுலின் ஏற்றப்படவில்லை. வெள்ளி மாலை அக்குப்பியும் தீர்ந்தது. அக்கிளையில் மருந்து பெறுவோருள் 14 வயதுச் சிறுவன் ஒருவன், உடலில் இன்சுலின் சுரப்பே அற்ற வகை நீரிழிவுடையவன். பிறருக்கு ஒருவேளை தவறினால் சர்க்கரை ஏறும்; இவனுக்குத் தொடர்ந்து தவறினால் ஒரு நாளிலேயே உயிருக்கு இடையூறு.

சிஸ்டர் கிடங்குக்கு அழைத்தார். அக்கா நிமிர்ந்து திரையைப் பார்த்தார். "உங்களிடம் ஒன்பது இருக்கிறதே, சிஸ்டர், குளிர்ப்பெட்டியில் மறுபடி பாருங்கள்" என்றார். "அக்கா, குளிர்ப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன்" என்று மறுமொழி வந்தது. பின்னொரு நாள் இதை அக்கா எம்மிடம் கூறியபோது, எமது திரையைப் பற்றி ஒன்றும் குறை சொல்லவில்லை. "முப்பது வருஷத்தில் ஒரு சிஸ்டர் சொன்னதை நான் நம்பாமல் கேட்டது அதுதான் முதல் தடவை, தம்பி" என்று மட்டும் சொன்னார். அச்சொல் எம்மை விட்டு இன்னும் அகலவில்லை.

அவர் பின்னர்ச் செய்தது பழைய காலத்து வழி. நான்கு குப்பிகளைத் துணியிற் சுற்றி, உறைந்துவிட்டாற் கெடும் ஆதலின் பனிக்கட்டியிற் படாதபடி இடையே காகிதம் மடித்துவைத்து, அகன்ற வாய்த் தெர்மாஸ் குடுவையில் இட்டு, இரவு 8 மணிப் பேருந்தின் நடத்துநர் கையிற் கொடுத்தனுப்பினார். சிஸ்டர் நிறுத்தத்தில் நின்று வாங்கிக்கொண்டார். சிறுவனுக்கு மாலை ஊசி ஐந்து மணி நேரம் தாழ்ந்தது. இரவு முழுதும் சிஸ்டர் அவன் பக்கத்திலேயே அமர்ந்து சர்க்கரையைச் சோதித்துக்கொண்டிருந்தார். காலையில் அவன் இட்டலி உண்டான்.

சனிக்கிழமை யாம் மடிக்கணினியைத் திறந்தபோது மின்னஞ்சல்கள் வரிசையாகக் காத்திருந்தன: நான்கு தோல்விச் செய்திகள், அவற்றின்மேல் ஒழுங்கு நிறுத்தப்பட்டது என்னும் அறிவிப்பு. அவற்றைப் படித்த பின்னரே கிடங்குக்குச் சென்றோம். நிகழ்ந்ததைக் காரியதரிசியிடம் எழுத்திற் கொடுத்தோம். அவர் படித்துவிட்டு, "இயந்திரக் கோளாறா?" என்று வினவினார். அன்று என்றோம். மேற்கொண்டு அவர் ஒன்றும் கேளாதது, கேட்டதினும் கடுமையாயிருந்தது.

இரண்டாம் முறை நிறுவியது வேறு விதம். கணக்குப் பிரிவில் எவரும் அமராத மேசைக் கணிப்பொறி ஒன்றனை, மின்தடையிலும் நில்லாதபடி மின்கலத்தோடு இணைத்து, அதில் பொதுவகைக் கேட்வேயை நிறுவினோம். இது நம் கணக்கில் ஓடாது. பிஐ கேட்வே சேவைக்கென உள்ள தனிக் கணக்கில் ஓடும். ஆதலின் பழைய பழக்கத்தில் யாம் எமது டாக்குமெண்ட்ஸ் கோப்புறையைக் காட்டியபோது, அதனை அணுக இயலாது என்று அது நேரே சொல்லிவிட்டது. அயலார் வீட்டுப் பேழையை வேலையாள் திறவாதிருப்பது போன்ற ஒழுங்கு அது. தனி வட்டில் ஒரு கோப்புறை உண்டாக்கி, அச்சேவைக் கணக்குக்குப் படிக்கும் உரிமை அளித்து, இணைப்பானை அங்கே வைத்து, கேட்வேயின் கனெக்டர்ஸ் பகுதியில் அவ்விடத்தைக் காட்டினோம், பெயர் தோன்றியது. அத்துடன் முடிந்தது என்று எண்ணற்க. இணையச் சேவையில், இந்தக் கேட்வேயின் வழியே பயனர் தரும் இணைப்பான்கள் புதுப்பிக்கலாம் என்னும் ஒரு சிறு கட்டத்தை நிர்வாகி தனியே குறியிட்டு அனுமதித்தல் வேண்டும். அது தெரியாமல் ஒரு பகற்பொழுது கழிந்தது. தோல்விச் செய்திகள் எமக்கு மட்டுமன்றி மற்றும் இருவர்க்குச் செல்லும்படி ஏற்பாடு செய்தோம். அவ்விருவருள் ஒருவர் அக்கா.

பரிந்துரைக்கப்படாத அந்த வழியையும் இம்முறை அடைத்தோம். மருந்து நிறுவனத்தார் சான்றிதழ் ஒன்று பெற்று, இணைப்பானிற் கையொப்பமிட்டு, பிக்யூஎக்ஸ் என்று முடியும் கோப்பாக அனுப்பினர். ஒவ்வொரு சான்றிதழுக்கும் 40 எழுத்தளவில் ஓர் அடையாளம் உண்டு. அதனைப் பெருவிரற்பதிவு என்றே வழங்குகின்றனர். பதிவாளர் அலுவலகத்தில் நம் பாட்டனார் வைத்த கைநாட்டை எண்ணிக்கொண்டோம். அவ்வடையாளத்தை விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில், பவர் பிஐக்குரிய கொள்கைப் பகுதியில், நிர்வாகி எழுதிவைத்தால், அக்கைநாட்டுடைய இணைப்பான் மட்டும் உள்ளே வரும். முதல்வழியை மாற்ற வேண்டியதில்லை. யாம் 40 எழுத்துகளையும் உரக்கப் படிக்க, உடன் பணிபுரியும் நண்பர் சரிபார்த்தார். கோப்பில் ஓர் எழுத்து மாறினும் கையொப்பம் செல்லாது. எனினும் கையொப்பம், இதை இன்னார் அனுப்பினார் என்பதை மட்டுமே சொல்லும். உள்ளே எழுதியிருப்பது நன்றா தீதா என்பதைச் சொல்லாது. ஆகையால் அந்நிறுவனத்தாரிடம் மூலத்தையும் கேட்டு வாங்கி, வரிவரியாகப் படித்த பின்னரே வைத்தோம். 212 வரிகள். ஒரு மாலைப் பொழுது போதியதாயிருந்தது. முதல்முறையே அம்மாலையைச் செலவிட்டிருக்கலாம்.

திரையையும் மாற்றினோம். இப்பொழுது அதன் உச்சியில், வேறெந்த எழுத்தினும் பெரிதாக, எண்கள் கடைசியாக வந்த நாளும் மணியும் நிற்கின்றன. ஒரு நாளுக்கு மேற்பட்டால் திரை முழுதும் சாம்பல் நிறமாகி, பச்சையும் சிவப்பும் மறைந்துவிடும். இது முன்னமே எமக்குத் தோன்றாமற் போனதைக் காரியதரிசி எதிரில் விளக்குவதற்கு யாம் பட்ட பாட்டை இங்கே விரிக்கவில்லை.

திங்கட்கிழமைத் தொலைபேசியும் மீண்டது. எமது சுற்றறிக்கையைத் திரும்பப் பெற்றுக் கிளைகளுக்கு எழுதியது யாமே. அக்கா இழுப்பறையிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். நடுவில் ஐந்து வாரங்கள் அதில் வெற்றுப் பக்கங்களாய் இருந்தன. அவற்றைக் கிழிக்காமல் அடுத்த பக்கத்திலிருந்து எழுதத் தொடங்கினார். சென்ற திங்கட்கிழமை யாம் கிடங்குக்குச் சென்றபோது அவர் தொலைபேசியைத் தோளில் அணைத்துக்கொண்டு, நீல மையில் ஓர் எண்ணை எழுதி, நிமிர்ந்து திரையைப் பார்த்து, "தம்பி, மலையடிவாரத்தில் உங்கள் கணக்கு ஆறு, சிஸ்டர் கணக்கு ஐந்து, எது சரி என்று பாருங்கள்" என்றார். பார்த்தோம். காலையில் ஒரு குப்பி கைதவறி உடைந்திருக்கிறது. சிஸ்டர் இன்னும் பதியவில்லை.